யார் வைத்த பணம்? மின்விளையாட்டுப் பரிசுகளும் நம் இல்லத்துப் பிள்ளைகளும்

திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்துள்ள அம்மையார்குப்பம் தறியோசைக்குப் பேர்போன ஊர். பகலெல்லாம் தறி ஓடும் இத்தகைய ஊர்களில், இஷாத் தொழுகை முடிந்து தெரு அடங்கிய பின் இந்நாளில் வேறோர் ஓசை எழுகின்றது. திண்ணையில் நான்கு பிள்ளைகள், நான்கு கைப்பேசிகள். 'இடப்பக்கம் வருகிறான், விடாதே' என்னும் அடக்கிய கூச்சல். தகப்பனார் அதட்டினால் பையனிடமிருந்து வரும் பதிலோ அவரை மேலும் திகைக்க வைக்கின்றது. "இது விளையாட்டு இல்லை அத்தா, டோர்னமென்ட். ஐம்பது ரூபாய் கட்டினால் போதும். ஜெயித்தால் ஆளுக்கு ஐந்நூறு!"

ஆளுக்கு ஐந்நூறு என்றதும் பல இல்லங்களில் அதட்டல் பாதியில் நின்று விடுகின்றது. உலகமெங்கும் இதற்குக் கோடிக்கணக்கில் பரிசு தருகிறார்களாமே, அரசாங்கமே இதை விளையாட்டாக ஒப்புக் கொண்டு விட்டதாமே என்ற செய்திகளும் காதில் விழுந்திருக்கின்றன. இரண்டும் உண்மையே. ஆனால், அந்தக் கோடிகளும் இந்த ஐந்நூறும் ஒரே இனத்தவையா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமாயின், இப்போட்டிகளில் பரிசுப் பணம் எவ்வாறு சேர்கின்றது, ஆட்டங்கள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன, அவை எந்த நேரத்தில் நடத்தப்படுகின்றன என்பவற்றைச் சற்றுப் பொறுமையோடு பார்க்க வேண்டும்.

'ஈ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்விளையாட்டை 2022 டிசம்பரில் இந்திய அரசு விளையாட்டுத் துறையின் கீழ்க் கொண்டு வந்தது. 2023-இல் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. அங்கே பரிசுப் பணம் கிடையாது, பதக்கம் மட்டுமே. பணம் குவிவது வேறிடத்தில். 2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் ஏழு வார காலம் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில் 24 விளையாட்டுகளில் 25 போட்டிகள் இடம் பெற்றன. மொத்தப் பரிசு 7 கோடி டாலருக்கு மேல், அதாவது நம் பணத்தில் ஏறத்தாழ 600 கோடி ரூபாய். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து அதிகப் புள்ளி பெற்ற சவூதி அணியான ஃபால்கன்ஸ் மட்டும் 70 இலட்சம் டாலரைப் பெற்றது. இந்தப் பணத்தில் ஆடியவர்கள் வைத்த பந்தயம் ஏதுமில்லை. போட்டியை நடத்தியோரும் அவர்களுக்குப் பின்னால் நின்ற முதலீட்டாளரும் விளம்பரதாரரும் கொடுத்தது.

இதற்கு நேர் மாறான கதை ஒன்றும் உண்டு. 'டோட்டா 2' என்னும் விளையாட்டுக்கு 'தி இன்டர்நேஷனல்' என்ற ஆண்டுப் போட்டி 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியபோது மொத்தப் பரிசு 16 இலட்சம் டாலர். அதை முழுவதும் விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே அளித்தது. பின்னர் அந்நிறுவனம் ஒரு வழி கண்டது. ரசிகர்களுக்கு 'பேட்டில் பாஸ்' என்ற பெயரில் அலங்காரப் பொருள்களை விற்று, விற்பனையில் கால் பங்கைப் பரிசுத் தொகையில் சேர்த்தது. 2021-இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்த போட்டியில் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டிற்று. வென்ற அணிக்கு மட்டும் 1 கோடியே 80 இலட்சம் டாலருக்கு மேல்! அந்த விற்பனை நிறுத்தப்பட்ட 2023-ஆம் ஆண்டில் அதே போட்டியின் பரிசு ஏறத்தாழ 31 இலட்சமாகச் சுருங்கியது. ஆட்டக்காரரின் திறமை இரண்டே ஆண்டில் பதிமூன்றில் ஒரு பங்காகக் குறைந்து விடவில்லை. பணம் வந்த குழாய் அடைபட்டது, அவ்வளவே. செய்தித் தாள்களில் பரிசுத் தொகையைப் பார்த்து வியக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

நம் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் பி.ஜி.எம்.ஐ. என்னும் சுடும் விளையாட்டு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பின் 2021-இல் இந்தியாவுக்கெனத் தனியாக வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு 2023 மே மாதத்தில் திரும்பியது. இதன் முதல் தேசியத் தொடர் 2021-இல் அறிவிக்கப்பட்டு, தாமதமாகி, 2022 ஜனவரியில் இறுதிச் சுற்று நடந்தது. மொத்தப் பரிசு ஒரு கோடி ரூபாய், விளையாட்டை நடத்தும் நிறுவனம் கொடுத்தது. எவரும் பதிவு செய்து கொள்ளலாம். ஒவ்வோர் அணியும் 15 ஆட்டங்கள் ஆட, அவற்றில் சிறந்த 10 மட்டும் கணக்கில் எடுக்கப்பட்டு 1,024 அணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை 64 ஆகி, 24 ஆகி, இறுதியில் 16 அணிகள் எஞ்சின. முதற்பரிசு 50 இலட்சம், இரண்டாவது 25 இலட்சம், மூன்றாவது 10 இலட்சம். அதாவது, ஒரு கோடியில் 85 இலட்சம் முதல் மூன்று அணிகளுக்கே போய்ச் சேர்ந்தது. 1,024 அணிகள் என்றால் அணிக்கு நால்வர் வீதம் 4,096 பிள்ளைகள். அவர்களும் பதிவு செய்தோருள் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள்! வென்ற 50 இலட்சத்திலும் நூற்றுக்கு 30 வரியாகப் பிடிக்கப்பட்டால் மிஞ்சுவது 35 இலட்சம். நால்வருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு எட்டே முக்கால் இலட்சம். மாற்று ஆட்டக்காரரும், பயிற்சியாளரும், அணியை நடத்தும் நிறுவனமும் பங்கு கேட்டால் அதுவும் குறையும். நெசவாளி வீட்டில் எட்டு இலட்சம் பெரும் பணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், நான்காயிரத்துக்கு மேற்பட்டோரில் நால்வருக்குக் கிடைத்ததைப் பிழைப்பு என்று எண்ணிப் பள்ளிப் படிப்பைக் கைவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். நம் சிற்றூர்களில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு 'பெட் மேட்ச்' என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. இரு அணியும் தலைக்கு ஐந்நூறு வைக்கும். வென்றவர் ஆயிரத்தையும் அள்ளிக் கொள்வர். அதே திடலில் பொங்கல் விடுமுறையில் வேறொரு போட்டியும் நடக்கும். சுவரொட்டியில் 'முதற்பரிசு ரூ.10,000, வழங்குபவர் இன்னார்' என்று அச்சிட்டிருக்கும். ஆடுவோர் அதே பிள்ளைகள், அதே மட்டை, அதே பந்து. ஆயினும் நம் ஃபிக்ஹுச் சட்ட மேதைகளின் பார்வையில் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. போட்டியாளர் இருவரும் பணம் வைத்து, வென்றவர் எடுத்துக் கொள்வது 'கிமார்' எனப்படும் சூது. மூன்றாமவர் மனமுவந்து அளிக்கும் பரிசும், இருவரில் ஒருவர் மட்டும் 'நீ வென்றால் நான் தருகிறேன்' என்று சொல்லித் தருவதும் சூதாகா. பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவர் உண்மையாகவே போட்டியில் கலந்து கொண்டால் இருவர் வைத்த பணமும் கூடும் என்று ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் கூறும் 'முஹல்லில்' என்றொரு முறையும் நூல்களில் உண்டு. மாலிக்கி அறிஞர்கள் அதை ஏற்பதில்லை.

எந்தப் போட்டிகளுக்குப் பரிசு வைக்கலாம் என்பதிலும் கருத்து வேறுபாடு உள்ளது. ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகிய மூன்றைத் தவிர மற்றவற்றில் பந்தயப் பரிசு இல்லை என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் இடம் பெறுகின்றது. அதன் வெளிப்படைப் பொருளில் நின்றோர் உண்டு. போர்ப் பயிற்சிக்கும் நன்மைக்கும் உதவும் பிறவற்றுக்கும் அதை விரித்தோர் உண்டு. நம் காலத்தில், 2003 ஜனவரியில் கத்தாரின் தோஹா நகரில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் 14-ஆவது அமர்வு, பரிசுப் போட்டிகளைக் குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. போட்டியின் நோக்கமும் வழியும் ஆகுமானவையாக இருக்க வேண்டும், பரிசு எல்லாப் போட்டியாளரிடமிருந்தும் திரட்டப்பட்டதாக இருத்தலாகாது, ஷரீஅத் ஏற்கும் பயன் ஒன்று இருக்க வேண்டும், ஒரு கடமையை விடுவதற்கோ விலக்கப்பட்டதைச் செய்வதற்கோ காரணமாகி விடக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். விலை கொடுத்து வாங்கும் போட்டிச் சீட்டின் பணமோ அதன் ஒரு பகுதியோ பரிசுத் தொகையில் போய்ச் சேருமாயின் அது சூதின் ஒரு வகை என்றும் அத்தீர்மானம் தெளிவாகக் கூறிற்று.

இந்த அளவுகோலைத் திண்ணைக்குக் கொண்டு வருவோம். ஐம்பது ரூபாய் 'கஸ்டம் ரூம்' ஒன்றில் 16 அணிகள், அணிக்கு நால்வர் என்று வைத்துக் கொள்வோம். 64 பேர் தலைக்கு ஐம்பது வீதம் கட்டினால் 3,200 ரூபாய். வென்ற அணிக்கு 2,000, அடுத்ததற்கு 700. நடத்துபவர் 500 எடுத்துக் கொள்வார். வென்ற பிள்ளைகளின் ஆளுக்கு ஐந்நூறு தோற்ற 60 பேரின் பையிலிருந்து வந்ததன்றி வேறில்லை. இது பெட் மேட்ச்சேதான். திடல் மட்டும் கைப்பேசிக்குள் போய் விட்டது. சிறு தொகைதானே என்பது வாதமாகாது. கட்டணமே இல்லாமல் நிறுவனம் பரிசு தரும் தொடரோ, சுவரொட்டிப் போட்டியின் இனம். இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. திடலில் பந்துக்கும் நடுவருக்கும் ஆகும் செலவுபோல, நடத்தும் செலவுக்கு மட்டும் ஒரு கட்டணம் வாங்கி, பரிசை வேறொருவர் தருவது. இதில் கட்டணப் பணம் பரிசில் கலக்கவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் வழியுண்டு என்பர். அதைப் போட்டி நடத்துபவரிடம் கேட்டே அறிய வேண்டும்.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில் வந்து நின்றிருப்பது வியப்புக்குரியது. 2025 ஆகஸ்டு 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த இணையவழி விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டு வேறு, பணவிளையாட்டு வேறு என்று பிரிக்கின்றது. முறையாக அங்கீகாரமும் பதிவும் பெற்று, முன்கூட்டி வகுத்த விதிகளின்படி நடந்து, உடல் வேகம், மதி நுட்பம், திட்டமிடல் ஆகியவற்றால் மட்டுமே முடிவு தீர்மானிக்கப்படுவது மின்விளையாட்டு. கலந்து கொள்வதற்கோ நிர்வாகச் செலவுக்கோ மட்டும் கட்டணம் வாங்கலாம். திறமைக்குப் பரிசும் தரலாம். ஆனால், ஆடுபவரோ பார்ப்பவரோ எவரும் பந்தயம் வைக்கலாகாது. மாறாக, வெல்லும் பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடுவது, திறமையால் ஆடினாலும் சரி, அதிர்ஷ்டத்தால் ஆடினாலும் சரி, பணவிளையாட்டு. அதை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பதிவு ஏதுமற்ற ஐம்பது ரூபாய் அறை இவற்றில் எந்தப் பக்கம் விழக் கூடியது என்பதை வாசகர்களே உணர்வர். ஆடும் பிள்ளையை விட நடத்தும் பிள்ளைக்கே ஆபத்து மிகுதி. பல ஊர்களில் நடத்துபவனும் பக்கத்துத் தெருப் பையனே.

ஆட்ட முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் வெறும் நுணுக்க விவகாரமன்று. பி.ஜி.எம்.ஐ. ஆட்டத்தில் களம் வட்டமாகச் சுருங்கிக் கொண்டே வரும். அடுத்த வட்டம் எங்கே விழும் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. வட்டத்துக்குள் தற்செயலாக இருப்பவனுக்கு வாய்ப்பு. வெளியே இருப்பவனுக்கு ஓட்டம். ஆகவே ஓர் ஆட்டத்தின் வெற்றியில் அதிர்ஷ்டத்தின் பங்கு கணிசமானது. இதை அறிந்தே பெரிய தொடர்களில் ஒரே ஆட்டத்தில் முடிவு கட்டுவதில்லை. நாளொன்றுக்கு ஆறு ஆட்டம்வரை பல நாள் ஆட வைத்து, இறுதிவரை தப்பிய அணிக்கு 10, அடுத்ததற்கு 6, பின்னர் 5, 4, 3, 2, 1, 1 என இடத்துக்கும், வீழ்த்தும் ஒவ்வோர் எதிரிக்கும் 1 வீதமும் புள்ளியிட்டுக் கூட்டுகிறார்கள். ஆட்டம் பெருகப் பெருக அதிர்ஷ்டம் தேய்ந்து திறமை துலங்கும். இருவர் அல்லது இரு அணிகள் நேருக்கு நேர் மோதும் விளையாட்டுகளில், ஒரு முறை தோற்றவருக்குக் கீழ்வரிசையில் மறு வாய்ப்புத் தருவதும், மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்று வைப்பதும், சம புள்ளி பெற்றோரை ஒருவருக்கொருவர் மோதவிடும் சுவிஸ் முறையும் இதே நோக்கத்தவை. சுவிஸ் முறை 1895-இல் சூரிக் நகரின் சதுரங்கப் போட்டியில் பிறந்தது. ஐம்பது ரூபாய் அறையிலோ பெரும்பாலும் ஒரே ஓர் ஆட்டம், அரை மணி நேரத்தில் தீர்ப்பு. பணமும் ஆடுவோருடையது, முடிவிலும் அதிர்ஷ்டம் மிகுதி.

போட்டியை நியாயமாக வகுப்பது நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து தனிய்யத்துல் வதாஃ வரையிலும், பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடச் செய்தார்கள் என்றும், இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்து கொண்டார்கள் என்றும் புகாரியில் காண்கிறோம். முன்னது ஐந்தாறு மைல் தொலைவு, பின்னது ஒரு மைல். தகுதிக்கேற்பத் தனித்தனிப் பிரிவு வகுத்த அம்முறை, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது.

நேர அட்டவணைக்கு வருவோம். என் கருத்தில் நம் இல்லங்களுக்கு மிகுந்த தொல்லை தருவது பரிசுப் பணத்தை விட இதுவே. ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி. ஆறு ஆட்டமும் இடைவேளைகளும் சேர்ந்தால் நான்கைந்து மணி நேரம். பிற்பகலில் தொடங்கினால் அஸரும் மஃரிபும் நடுவே வரும். கிரிக்கெட்டிலாவது ஓவர் மாறும். இந்த ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கவே முடியாது. எழுந்து போனவனின் உருவம் அங்கேயே நின்று சுடப்படும். மற்ற மூவரும் அவனைத் தூற்றுவர். நம் பகுதியில் மஃரிபின் நேரமோ ஒன்றேகால் மணி அளவே. ஆயினும் இரு ஆட்டங்களுக்கு இடையே தொழ நேரம் இல்லாமல் இல்லை. எந்த ஆட்டம் எப்போது தொடங்கும் என்ற பட்டியலை முன்கூட்டிப் பெற்றுத் தொழுகை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அது இயலும். பட்டியலே இல்லாத இரவு அறைகளில் இயலாது. பகலில் படிப்பும் வேலையும் உள்ளோர் கூடுவதால் பயிற்சி ஆட்டங்கள் இரவுக்கே தள்ளப்படுகின்றன. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் படுத்தவன் சுபுஹுக்கு எழுவது அரிது. தமிழக அரசு 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்து, சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வாண்டு ஜூனில் அதைச் செல்லும் என்றபோது, அரசு சொன்ன காரணம் உடல் நலமும் மன நலமும். திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 90, 91-ஆம் வசனங்களில் மதுவோடும் சூதோடும் சேர்த்துச் சொல்லப்படுவன, மக்களிடையே பகையை மூட்டுதலும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுத்தலும் ஆகும்.

சதுரங்கத்தைப் பற்றி இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தந்த தீர்ப்பை இங்கே பொருத்திப் பார்க்கலாம். சதுரங்கம் வெறுக்கத்தக்கது, ஆனால் இரு தரப்பும் பணம் வைத்தாலோ, தொழுகை தவறிப் போனாலோ ஹராமாகி விடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் அவர்கள் கூறிய கருத்து. ஹனஃபி அறிஞர் பலர் இதனினும் கடுமையாகக் கூறியுள்ளனர். 2016 ஜனவரியில் சவூதியின் தலைமை முஃப்தி சதுரங்கம் கூடாது என்று சொன்னார். நேர விரயமும் பகையும் அவர் கூறிய காரணங்கள். 2017 டிசம்பரில் அதே ரியாத் நகரில் உலக அதிவேகச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. 2025-இல் மின்விளையாட்டு உலகக் கோப்பையிலும் சதுரங்கம் இடம் பெற்றது. மொத்தப் பரிசு 15 இலட்சம் டாலர், ஆளுக்குப் பத்து நிமிடக் கடிகாரம், 16 பேர். நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் வென்று 2,50,000 டாலர் பெற்றார். நம் நாட்டு அர்ஜுன் எரிகைசி நான்காம் இடம் பெற்றார். அரசுகள் போட்டி நடத்துவதை மட்டும் வைத்து மார்க்கத் தீர்ப்பு மாறி விட்டதாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. அவ்விரண்டும் வெவ்வேறு வாசல்கள்.

விளையாட்டின் உள்ளே இருப்பதையும் பெற்றோர் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் சிலைத் தூண்களின் முன் பணிந்து நின்றால் பலன் கிட்டும் என்பது போன்ற ஒரு காட்சி வந்து, முஸ்லிம் ஆட்டக்காரர்களின் எதிர்ப்பால் நீக்கப்பட்டது. இன்றும் தொடர்வது 'கிரேட்' என்னும் பெட்டி வியாபாரம். பணம் கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்பது தெரியாது. துப்பாக்கிக்குப் பளபளப்பான உறை வரலாம், ஒன்றுக்கும் உதவாத துணுக்கும் வரலாம். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்ப்பளித்தது. பெட்டி வாங்கும் ரசிகர் போட்டியாளர் அல்லர் என்பதால், அப்பணத்தில் ஒரு பகுதி பரிசாகப் போவதை எவ்வாறு கொள்வது என்பது ஆலிம் பெருமக்கள் விரிவாக ஆராய்ந்து சொல்ல வேண்டிய ஒன்று.

பி.ஜி.எம்.ஐ. இந்தியாவுக்கு வந்தபோதே 18 வயதுக்குக் குறைந்தோருக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றும், செலவுக்கு நாளைக்கு 7,000 ரூபாய் என்றும் வரம்பு வைத்தது. பெற்றோரின் கைப்பேசி எண்ணைக் கேட்டு, அதற்கு இரகசிய எண் அனுப்பி ஒப்புதல் பெறும் ஏற்பாடும் அதில் இருந்தது. 7,000 ரூபாய் என்பதை ஒரு பிள்ளைக்கு வரம்பு என்று சொல்வதே நகைப்புக்குரியது. அது கிடக்கட்டும். உங்கள் மகன் அதில் தன் வயதை எத்தனை என்று குறித்திருக்கிறான், ஒப்புதலுக்கான இரகசிய எண் யாருடைய கைப்பேசிக்குப் போயிற்று என்று இன்றிரவு அவனையே கேட்டுப் பாருங்கள்.